பொட்டலத்துக்கு ஆகாத இலை

பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைப்பதாக முடிவாயிற்று. சாப்பாடு கட்ட எது நல்லது, இலையா, தாளா, டப்பாவா, தூக்குவாளியா என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு பெரிய அட்டையில் போட வேண்டும். அறிவியல் வாத்தியார் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. "ஒண்ணும் பெரிய வேலையில்ல சார். இந்தப் பக்கம் பொருள், அந்தப் பக்கம் மார்க்" என்றார் தலைமையாசிரியர். கணக்கு வாத்தியாராக இருந்து உயர்ந்தவர். அவருக்கு உலகத்தில் எல்லாமே இந்தப் பக்கம், அந்தப் பக்கம்தான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எது குழம்பினாலும் ஸ்கேலை எடுத்து நாலு கோடு போட்டால் தெளிந்துவிடும் என்று நம்புகிற ஆள் நான். பெண் பார்த்த காலத்திலேயே கட்டம் போட்டுப் பார்த்தவன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். ஆனால் இந்தச் சாப்பாட்டுப் பொட்டலக் கட்டம் மட்டும் கடைசிவரை நிரம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருக்கடையூருக்குப் போனேன். அறுபதாம் கல்யாணக் கூட்டத்துக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற கடைகள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விதமாகக் கட்டச் சொல்லி வாங்கினேன். வாட்டிய வாழையிலையை நியூஸ்பேப்பரில் வைத்து நூல் சுற்றியது, சில்வர் பேப்பர் ஒட்டிய தாள், வட்டமான அலுமினிய டப்பா, அதையே நீள்சதுரமாக ஒன்று, வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, பாக்கு மட்டைத் தட்டு. தடை வந்த பிறகும் சாம்பார் மட்டும் எல்லாக் கடையிலும் பாலித்தீன் பையில்தான் வந்தது. கேட்டதற்கு, "சாம்பாரை வேற எதுல சார் கட்டுறது, கையிலயா ஊத்துறது" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். முதல் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மனைவி ஊருக்குப் போயிருந்தது வசதியாயிற்று. அடுக்களைத் தரையில் எல்லாவற்றையும் பரப்பி, வீட்டிலிருந்த எவர்சில்வர் தூக்கையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சூடான சாம்பார் சாதத்தைப் போட்டுச் சோதித்தேன். சாய்த்தேன், கவிழ்த்தேன், சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டித் தெருவைச் சுற்றினேன். சில்வர் பேப்பரை உரித்துப் பார்த்தால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக். தாள் என்று நினைத்தது தாள் இல்லை. பாக்கு மட்டைத் தட்டு மண்ணில் மக்கும், சரி. ஆனால் எங்கேயோ அழுத்திச் செய்து, லாரியில் ஏற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வந்திருந்தது. நீள்சதுர டப்பா பையில் அடங்கி உட்கார்ந்தது, மூலையில் ஒட்டிய சோற்றைத்தான் வழிக்க முடியவில்லை. வட்ட டப்பாவில் வழிக்கலாம், பையில் உருண்டது. வாழையிலைக்கு நூற்றுக்கு நூறு போடலாம் என்று பேனாவை எடுத்தேன், சைக்கிள் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் இலை மடிப்பில் கிழிந்திருந்தது. தூக்கு எதற்கும் அசையவில்லை. ஆனால் கடையில் சாப்பாடு வாங்குகிறவர்களில் எத்தனை பேர் தூக்கோடு வருகிறார்கள்?

அம்மா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியவள். அப்பா போன பிறகு ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று டவுனுக்கு என்னோடு அழைத்து வந்திருந்தேன். நாள் முழுதும் பேசாமல் இருக்கிறவள் அன்றைக்குத் தானாகக் கேட்டாள்.

"அந்தத் தூக்கு மூடி சத்தம் போடுமேப்பா. அதுக்கு மார்க் இல்லையா?"

"சத்தத்துக்கு எதுக்கும்மா மார்க்?"

"வெயில்ல மின்னுமே, அந்த அலுமினியம். தூரத்துலேர்ந்து தெரியும்."

"தெரிஞ்சா என்னம்மா?"

அவள் குனிந்து அந்த டப்பாவை ஓரமாக நகர்த்தினாள். "சாப்பிட்டு முடிச்சா என்ன மிச்சம் கிடக்கும்? அத மொதல்ல எழுது" என்றாள்.

இந்த மூன்றாவது கேள்வி எனக்குப் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாதான் இந்த ஜில்லாவிலேயே சுற்றுச்சூழலை ஒழுங்காகப் புரிந்துகொண்ட ஆள் என்று சந்தோஷப்பட்டேன். காரணம் இருந்தது. என் நினைவு தெரிந்து அம்மா சாப்பிட்ட இடத்தில் எதையும் விட்டு வந்ததில்லை. பஸ்ஸில் போகும்போது தின்ற வேர்க்கடலைத் தோலை மடியில் கட்டிக்கொண்டு இறங்குவாள். கல்யாண வீட்டில் சாப்பிட்டால் தன் எச்சில் இலையை நாலாக மடித்து, துணிப்பையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து ஆட்டுக்குப் போடுவாள். ஆடு இல்லாத காலத்தில் கொல்லையில் குழி தோண்டிப் புதைப்பாள்.

ஒரு காலத்தில் அந்தப் பழக்கத்தை நான் அடியோடு வெறுத்தேன். எங்கள் ஆட்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் சாப்பிட்டால் சாப்பிட்ட இலையைத் தாங்களே எடுத்துப் போட வேண்டும், உட்கார்ந்த இடத்தைச் சாணம் போட்டு மெழுகிவிட்டுப் போக வேண்டும் என்று இருந்ததை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். காலேஜ் முடித்த புதிதில், பட்டுக்கோட்டையில் என் சிநேகிதன் கல்யாணத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். எல்லாரும் ஒரே பந்தி, ஒரே மரியாதை. சாப்பிட்டு எழுந்ததும் அம்மா குனிந்து இலையைச் சுருட்டினாள். பெண் வீட்டுக்காரர் ஓடிவந்து, "ஐயையோ, நீங்க ஏம்மா எடுக்கிறீங்க, விடுங்க" என்று கையைப் பிடித்தார். அம்மா விடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்து, "இன்னும் எத்தனை காலத்துக்கும்மா இந்த அடிமைப் புத்தி" என்று கத்தினேன். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை என் பின்னால் நடந்து வந்தாள். இப்போது நினைத்தாலும் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

ஐம்பது வயதில் என் கருத்து மாறியிருந்தது. அடிமைப் புத்தி என்று நினைத்தது எவ்வளவு உயர்ந்த பழக்கம் என்று உருகினேன். மறுநாளே தலைமையாசிரியரிடம் போய், கண்காட்சி அன்றைக்கு என் அம்மாவை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போடலாம் என்றேன். வாழ்நாளில் குப்பை போடாத பெண்மணி. அவருக்கும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் முகம் மாறிய விதத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அதுக்கா எனக்குச் சால்வை?" என்றாள். "உங்கப்பாவுக்குக் காது போனதுக்கா?"

அப்பாவுக்கு இடது காது கேட்காது. போலீஸ் அடித்து அப்படி ஆயிற்று என்பது எங்களுக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்னால், ஆட்சி மாறிய புதிது, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தேர்தல் வாக்குறுதி சுவரில் அழியாமல் இருந்த காலம். அறுப்புக் கூலியில் நெல் கொஞ்சம் கூடக் கேட்டு எங்கள் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். கைகலப்பாயிற்று, கேஸாயிற்று, அப்பா ஏழு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். எங்கள் தெருவில் அது பெருமையான கதை. எப்படிப் பிடிபட்டார் என்று மட்டும் நான் கேட்டதில்லை. கதையில் அது ஒரு முக்கியமான இடமாகவே எனக்குத் தோன்றியதில்லை.

அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். அப்பாவும், பங்காளி முறையில் எனக்குச் சித்தப்பா ஆகவேண்டிய ஒருவரும் வடிகால் ஆற்றங்கரைக் கோரைக்குள் ஒளிந்திருந்தார்கள். அம்மா தினம் மத்தியானம் புல் அறுக்கப் போகிற மாதிரி போய், புல்லுக்கட்டுக்குள் சோற்றை வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். எவர்சில்வர் வீட்டில் கிடையாது. அலுமினியத் தூக்கு ஒன்று, அதன் மூடி சத்தம் போடாமல் இருக்கத் துணி சுற்றுவாள், வெயிலில் மின்னாமல் இருக்கச் சேறு பூசுவாள். என் கட்டத்தில் இடமில்லாத இரண்டு கேள்விகளும் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பொங்கலன்னிக்கு மனசு கேக்கல. கல்யாணம் கட்டி வந்த மொதப் பொங்கல். மனுஷன் நல்ல நாளும் அதுவுமா தூக்குல கையை விட்டு அள்ளித் தின்னணுமா? பண்ணை வாழைக்கொல்லை வழியாத்தான் போவேன். ஒரு நுனி இலைய அறுத்துட்டேன். களவுதான். சுருட்டிப் புல்லுக்குள்ள வெச்சுட்டேன்."

நுனி இலையைப் பொட்டலத்துக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். அகலம், இளசு, மடித்தால் கிழியும். பொட்டலத்துக்கு நடுத்துண்டை எடுத்து நெருப்பில் வாட்ட வேண்டும். நுனி இலை விரித்து உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு, அதாவது விருந்தாளிக்கு, மாப்பிள்ளைக்கு, முதலாளிக்கு. எங்கள் ஆட்களுக்குப் பெரிய வீட்டு விசேஷங்களில் கிடைத்தது கிழிந்த துண்டு இலை. அதுவும் மிஞ்சினால்தான்.

"இலையப் போட்டுச் சோத்த வெச்சேன். அக்கரையில யாரோ வர்ற மாதிரி இருந்துச்சு. பயந்துபோய்த் தூக்கைக்கூட விட்டுட்டு ஓடியாந்துட்டேன். இலைய எடுக்கல. பொழுது சாயறதுக்குள்ள புடிச்சுட்டாங்க. கோரைக்கு நடுவுல வாழையிலை எப்படிடா வந்துச்சுன்னு பாத்துத்தான் வந்தோம்னு பண்ணையாளு தெருவுல வந்து சொல்லிச் சிரிச்சான்."

அம்மா அழவில்லை. அப்பாவின் காதுக்குள் ஒவ்வொரு தடவை சத்தம் போட்டுக் கூப்பிடும்போதும் அந்த இலை ஞாபகம் வரும் என்றாள். அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை இலையில் சாப்பிட்டதில்லை. எங்கே போனாலும் "தட்டு குடுங்க, இலை எனக்கு ஒத்துக்காது" என்பார். எனக்கு அது அவருடைய ஒரு கிறுக்கு. அம்மாவுக்கு அது தினப்படி தண்டனை. அவர் வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும் என்றாள். அவர் திதிக்கு நாங்கள் இலையில் படைக்காமல் தட்டில் படைப்பதைச் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரிப் பேசுவார்கள். அம்மா பிடிவாதமாகத் தட்டுத்தான் வைப்பாள்.

ஒரே பழக்கம். அதை அடிமைத்தனம் என்று திட்டினேன், பசுமை என்று கொண்டாடினேன், இரண்டும் இல்லை என்கிறாள். ஐம்பது வருஷமாக ஒரு பெண் தன் எச்சில் இலையைச் சுமந்திருக்கிறாள், ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. சால்வை வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். அன்றைக்கு அப்பாவோடு இருந்த சித்தப்பா உயிரோடு இருக்கிறார். இலையால் இல்லை, வேறு எதனாலோ பிடிபட்டோம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

சித்தப்பா தெருமுனையிலேயே எதிரில் வந்தார். பாலித்தீன் பையில் டீயை வாங்கி விரலில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இதத் தடை பண்ணிட்டாங்களே சித்தப்பா."

"யாரு?"

"அரசாங்கம்."

"டீயையா?" என்றார் கவலையோடு.

பையைத்தான் என்று விளக்கி முடிப்பதற்குள் தொகுப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அரசாங்கம் கொடுத்த மின்விசிறி ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டீயை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றினார். நான் இலையைப் பற்றிக் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"அம்மாதான். தான் இலைய எடுக்காம வந்ததாலதான் மாட்டிக்கிட்டீங்கன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க."

"அண்ணியா?" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எச்சில் இலைய எடுக்கிறதுக்கு அண்ணி எதுக்குடா வேணும்? நாங்க ரெண்டு ஆம்பள இருந்தோமே. கால்மாட்டுல சேறு. ஒரு மிதி மிதிச்சா இலை போன எடம் தெரியாது."

"அப்ப ஏன் மிதிக்கல?"

"எனக்குத் தூக்கு மூடியில சோறு. அவருக்குத்தான் இலை. தின்னு முடிச்சதும் இலைய எடுத்துக்கிட்டுத் தண்ணிக்கு எறங்குனாரு. போடப்போறாருன்னு பாத்தா, குத்தவெச்சுக் கழுவுறாரு. என்னண்ணே, எச்சில் இலையப் போய்க் கழுவுறீங்கன்னேன். நாளைக்கும் இதுலயேதான்டா சாப்பிடுவேன்ங்குறாரு. சேத்துல அமுக்கிடலாம்ண்ணே, ஆபத்துன்னேன். எனக்குன்னு ஒருத்தி முழு இலை கொண்டாந்து போட்டிருக்கா, அத மிதிக்கச் சொல்றியான்னு கேட்டாரு. தண்ணி வடியட்டும்னு கோரை மேல விரிச்சு வெச்சாரு. கோரை காஞ்சு மஞ்சளா நிக்குது. அது மேல பச்சப்பசேல்னு இலை. பெறகென்ன."

நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஜெயில்ல வெச்சே சொல்லிட்டாரு, இத யாருகிட்டயும் சொல்லாதேடான்னு. ஒரு இலைக்கு ஆசைப்பட்டுக் கூட இருந்தவனையும் மாட்டிவிட்டோமேன்னு அவருக்கு வெட்கம். அப்புறம் இலையப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவாரு. எனக்கென்ன, என் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. நான் ஒருநாளும் அவரக் கோவிச்சுக்கல." பிறகு டம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அண்ணி இப்படி நெனைச்சுக்கிட்டு இருக்கும்னு எனக்குத் தெரியாதுடா. சத்தியமா தெரியாது."

திரும்பி வருகிற பஸ்ஸில் என் குழப்பம் இன்னும் கூடியிருந்தது. நான் வாங்க வந்தது ஒன்று, கையில் இருந்தது வேறு. காட்டிக் கொடுத்தது இலைதான் என்று உறுதியாகிவிட்டது. அம்மா அதைக் களவாடாமல் தூக்கோடு நிறுத்தியிருந்தால் அப்பாவின் காது போயிருக்காது. இதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலா, வெந்த புண்ணில் வேலா? சொல்லாமல் விட்டால், அந்த இலையை அவர் என்ன செய்தார் என்பது தெரியாமலே அவள் போய்விடுவாளே. வேறு எதனாலோ பிடிபட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். ஜன்னலோரம் அறுப்பு முடிந்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. பையில் கண்காட்சிக்கான கட்டம் மடித்து இருந்தது. அதை எடுத்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கிணற்றடிக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து, நான் சோதனைக்கு வாங்கின டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடையில் தூக்கி எறியச் சொல்லிக் கொடுத்த டப்பாக்கள். வட்டம் ஒரு வரிசை, சதுரம் ஒரு வரிசை.

"என்ன சொன்னார்?" என்றாள், தலையைத் தூக்காமல். நான் எதற்குப் போனேன் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் தெரிந்திருந்தது.

பொய் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சித்தப்பா சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். முழு இலை கொண்டாந்து போட்டிருக்கா என்று அப்பா சொன்னதையும், மிதிக்க மாட்டேன் என்றதையும், கோரை மேல் விரித்து வைத்ததையும் சொன்னேன்.

அம்மா கையிலிருந்த டப்பாவைக் கவிழ்க்கவில்லை. அதில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"கழுவினாரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"வீட்டுல ஒரு நாள் தின்ன தட்டைக் கழுவினதில்லடா அந்த மனுஷன்."

குழாயை நான்தான் எழுந்து மூடினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மடியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிரிக்கிற மாதிரி இரண்டு கையையும் மெதுவாக அகல விரித்தாள். நுனி இலையின் அகலம் இருக்கும்.

"இளசு இலைடா அது" என்றாள். "கிழியாமலா கழுவினார்?"